பச்சை குத்துவோர் மாநாடும் நம் தோலும்

பச்சை குத்துவோர் ஒன்றுகூடி மாநாடு நடத்துகின்றனர் என்று சொன்னால் நம் பாட்டிமார் நகைப்பர். அவர்கள் அறிந்த பச்சை குத்துதல் வேறு. தெருவோடு கூவி வந்த குறவர் இனப் பெண் திண்ணையில் அமர்வாள். இரண்டு மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டுவாள். விளக்குப் புகைக்கரியைக் குழைத்து, முன்னங்கையிலே கோலமோ, தேளோ, கணவன் பெயரோ குத்துவாள். கூலியாக அரிசியோ பழஞ்சேலையோ பெற்றுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். அவளுக்கு மாநாடு ஏது, மண்டபம் ஏது?

இன்று நிலைமை மாறிவிட்டது. உலகின் பெருநகரங்களில் ஆண்டுதோறும் இக் கலைஞர்களின் மாநாடுகள் நடைபெறுகின்றன. நம் நாட்டிலும் டில்லி, மும்பை போன்ற நகரங்களில் அவை நடந்துள்ளன. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், ஆயிரம் வண்டுகள் ஒரே சமயத்தில் ரீங்காரம் செய்வது போன்ற ஓசை நம்மை எதிர்கொள்ளும். வரிசை வரிசையாகச் சிறு கடைகள். கடைதோறும் ஒருவர் படுத்திருப்பார், ஒருவர் குனிந்திருப்பார், பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பர். மாலையில் மேடையில் போட்டி. அன்றைக்குக் குத்தியவற்றுள் சிறந்ததற்குப் பரிசு. நம் விடுதியிலிருந்தும் மாணவர் சிலர் இத்தகைய கூட்டங்களுக்குச் செல்கின்றனர். செல்பவர் எல்லாரும் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. ஆகவே, அங்கே ஒருவர் பச்சை குத்திக்கொள்ளும்போது அவர் தோலுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை நம் மன்ற இதழில் ஆராய்வது பொருத்தமாகும் என எண்ணுகிறேன். குத்திக்கொள்ளலாமா கூடாதா என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அது அவரவர் தோல். அவரவர் வீட்டுச் சண்டை.

மாநாடு என்னும் ஏற்பாடு மிகப் பழையது அன்று. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஹூஸ்டன் நகரில் கூடியதையே முதல் பெரு மாநாடு எனக் கருதுவர். 1982-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் துறையில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும் 'குவீன் மேரி' என்னும் பழைய பயணக் கப்பலில் எட் ஹார்டி என்ற கலைஞரும் அவர் நண்பர்களும் மற்றொன்றைக் கூட்டினர். அதுவரை இத் தொழிலில் ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குச் சொல்லும் வழக்கம் அரிது. ஊசியைக் கட்டும் முறை, மையைக் கலக்கும் முறை யாவும் தொழில் இரகசியங்கள். அவை வெளிவந்ததும், ஒரு நாட்டுக் கைத்திறனை மற்றொரு நாட்டார் நேரில் கண்டதும் பெரிதும் இக் கூட்டங்களால்தான். கைக்கோல் கொண்டு குத்தும் ஜப்பானியர் ஒரு மூலையிலும், சீப்புப் போன்ற கருவியைத் தட்டித் தட்டிக் குத்தும் சமோவாத் தீவினர் மற்றொரு மூலையிலும், மின்யந்திரக்காரர் நடுவிலும் அமர்ந்திருப்பதை ஒரே கூரையின்கீழ்க் காணலாம். 'டாட்டூ' என்ற சொல்லே பசிபிக் தீவினரின் 'தத்தாவ்' என்பதிலிருந்து வந்தது. 1769-இல் தாகித்தித் தீவுக்குச் சென்ற கேப்டன் குக்கின் குழுவினர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர்.

நம் மொழியில் இதற்கு வழங்கும் பெயரைச் சற்றே நோக்குவோம். குத்தும் பொருளோ கரி. அதன் நிறமோ கறுப்பு. பின் ஏன் 'பச்சை' என்றனர்? இலைச்சாறு கலந்து குத்தியதால் வந்த பெயர் என்று சிலர் கூறுவர். இலைச்சாற்றின் பசுமை தோலுக்குள் நெடுநாள் நிற்கக்கூடியதன்று. பௌதிக மாணவனுக்கு வேறு விடை தோன்றுகிறது. தோலின் மேல் ஒட்டிய கரி கறுப்பாகவே தெரியும், கழுவினால் போய்விடும். அதே கரி ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் உள்ளே சென்றுவிட்டால் நீலம் கலந்த பச்சையாகத் தோன்றத் தொடங்கும். வெள்ளை ஒளி தோலுக்குள் புகும்போது உட்தோலின் நார்கள் அதனைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி ஆழம் செல்லுமுன்னரே சிதறுண்டு வெளியே திரும்பிவிடும். சிவப்பு ஒளி ஆழமாகச் செல்லும். இருட்டறையில் உள்ளங்கைக்கு அடியில் டார்ச் விளக்கை வைத்தால் கை செந்நிறமாக ஒளிர்வதை யாவரும் கண்டிருப்போம். அவ்வாறு ஆழம் சென்ற சிவப்பைக் கரி விழுங்கிவிடுகிறது. ஆகவே அவ்விடத்திலிருந்து நம் கண்ணுக்குத் திரும்பும் ஒளியில் சிவப்பு குறைந்து, நீலம் மேலோங்கும். அந்த நீலமும் மேல்தோலின் பழுப்பு நிறத்தின் வழியே வடிகட்டப்பட்டு வருவதால் நமக்குப் பச்சையாகப் படுகிறது. சிவந்த இரத்தம் ஓடும் குழாயை நாம் 'பச்சை நரம்பு' என்று சொல்வதற்கும் இதுவே அடிப்படை. மையின் நிறத்தைப் பார்க்காமல் தோலில் தெரிந்த நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றனர் நம் முன்னோர். மாநாட்டுக்குச் செல்பவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியதும் இதுதான். குப்பியில் தெரியும் நிறம் வேறு, நம் தோலின் கீழிருந்து தெரியப்போகும் நிறம் வேறு.

இனி யந்திரத்தைக் காண்போம். மாநாட்டில் ரீங்காரம் செய்யும் கருவிக்கு மூதாதை எடிசன் அமைத்த மின்பேனா. கடிதங்களுக்குப் படி எடுப்பதற்காகத் தாளிலே வரிசையாகத் துளையிடும் பேனா அது; 1876-இல் உரிமம் பெற்றது. பச்சை குத்துவதற்கான மின்யந்திரத்துக்கு நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி 1891-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அலுவலகத்தில் பயன்படாமற்போன கருவி தோலில் பயன்பட்டது. இன்றைய யந்திரங்கள் எவ்வளவோ திருந்திவிட்டன; எனினும் ஊசி மேலும் கீழும் விரைந்து ஆடுவது என்னும் தத்துவம் ஒன்றே. விநாடிக்கு நூறு முறை அளவில் அது தோலைத் துளைக்கிறது.

பலர் எண்ணுவதுபோல் இந்த ஊசி மருத்துவர் போடும் ஊசியைப் போன்றது அன்று. இதனுள் துவாரம் கிடையாது; மையைப் பீய்ச்சுவதுமில்லை. பல ஊசிகளைச் சேர்த்து இணைத்திருப்பதால் அவற்றின் இடுக்கிலே மை, விளக்குத் திரியில் எண்ணெய் நிற்பதுபோல் நிற்கிறது. ஊசி இறங்கித் துளையிடுகிறது. அது மேலேறும்போது வெறுமையாகும் துளைக்குள் மை இழுக்கப்படுகிறது. எவ்வளவு ஆழம்? அதில்தான் கலைஞரின் கைத்திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய 0.1 மில்லி மீட்டர் தடிப்பே உடையது. அது ஒரு மாத அளவில் முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. அங்கே தங்கிய மை அத்தோடு உதிர்ந்துபோகும். மருதாணி நிலைக்காததும் அதனால்தான். எனவே மை அதனைத் தாண்டி உட்தோலில், ஒன்று முதல் இரண்டு மில்லி மீட்டர் ஆழத்துக்குள் இறங்க வேண்டும். அதற்கும் கீழே கொழுப்புப் படலம். அங்கே சென்றுவிட்டால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலக் கறை படியும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தோல் மெல்லியது, முதுகில் தடித்தது. ஒரே கை இவற்றையெல்லாம் தொட்டறிந்து அழுத்தத்தை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும், அதுவும் கூட்டமும் இசையும் ஒலிபெருக்கியும் சூழ்ந்திருக்கையில்.

சரி, உட்தோலுக்குள் சென்ற மை அங்கே எவ்வாறு நிலைக்கிறது? இக் கேள்விக்கு அண்மைக் காலம் வரை சரியான விடை கிடைத்திருக்கவில்லை. துணியில் சாயம் ஏறுவதுபோல் தோலும் சாயமேறிவிடுகிறது என்றே பலரும் கருதிவந்தனர். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து கண்டெடுக்கப்பட்ட, 5300 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதனின் உடலில் கரியால் ஆன 61 பச்சைக் குறிகள் இன்றும் தெளிவாக உள்ளன. அதைக் காணும் எவர்க்கும் சாயம் என்ற எண்ணமே எழும். ஆனால் உயிருள்ள உடலில் நடப்பது முற்றிலும் வேறு.

நம் உடலுக்குள் புகும் அந்நியப் பொருள்களை விழுங்குவதற்கென்றே சில அணுக்கள் உள. ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாக் கடற்கரையில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் அதனைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அவ் ஆராய்ச்சியின் தொடர்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த விழுங்கணுக்களுள் பெரியவற்றை மேக்ரோஃபேஜ் என்பர். பச்சை குத்தும் ஊசி ஆயிரக்கணக்கான துளைகள் இட்டதும், உடல் அதனைக் காயம் என்றே கொள்கிறது. விழுங்கணுக்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. நுண்ணுயிராயின் செரித்துவிடும், கரியை எப்படிச் செரிப்பது? விழுங்கவும் முடிந்து, செரிக்கவும் முடியாமல், துகளை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றன.

ஆனால் அணுவுக்கும் ஆயுள் உண்டல்லவா? அது இறந்தால் மை என்னாகும்? 2018-இல் பிரான்சின் மார்செய் நகர விஞ்ஞானிகள் இதனை எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். எலியின் வாலில் பச்சை மையால் குறி இட்டனர். பின்னர் அங்குள்ள விழுங்கணுக்களை மட்டும் நச்சுப்பொருள் கொடுத்து அழித்தனர். குறி அழியவில்லை, மங்கவும் இல்லை! இறந்த அணுக்கள் மையைக் கக்கின. அது அவ்விடத்திலேயே கிடந்தது. எலும்பு மச்சையிலிருந்து தோன்றிவந்த புதிய விழுங்கணுக்கள் அதனை மீண்டும் விழுங்கிக்கொண்டன. மேலும் ஒரு சோதனை செய்தனர். குறியிட்ட தோலை ஓர் எலியிலிருந்து எடுத்து மற்றோர் எலிக்கு ஒட்டினர். ஆறு வாரங்கள் கழித்துப் பார்க்கையில் மையிற் பெரும்பகுதி இரண்டாவது எலியின் சொந்த அணுக்களுக்குள் இருந்தது.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். பச்சை என்பது சுவரில் எழுதிய ஓவியம் போன்றதன்று. ஒரு தலைமுறைக் காவலர் மடியும்போது அடுத்த தலைமுறைக் காவலர் கைமாற்றிக்கொள்ளும் பொருள் அது. இருபது வயதில் குத்திய எழுத்து அறுபது வயதில் இருக்குமானால், நாற்பதாண்டுக் காலம் உடல் அதனை ஓயாது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். கைமாறும்போதெல்லாம் துகள்கள் சற்றே இடம்பெயர்தல் கூடும். பழைய பச்சையின் விளிம்பு கூர்மை இழந்து காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். மிக நுண்ணிய துகள்கள் தோலில் நில்லாமல் நிணநீரோடு சென்று அக்குள் முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களில் தங்குகின்றன. கணுக்கள் மையின் நிறத்தையே பெற்றிருப்பதை மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். 2017-இல் ஜெர்மனி, பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் கிரெனோபிள் நகரிலுள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அத் துகள்களை ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகவே மையில் என்ன கலந்திருக்கிறது என்பது தோலோடு நின்றுவிடும் கேள்வி அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் இம் மைகளில் பல்லாயிரம் இரசாயனப் பொருள்களுக்கு வரம்பு விதித்திருப்பது இதனாலேயே. கடையில் மைக் குப்பியைக் கேட்டு வாங்கி, பெயர், தயாரித்த நாள், தொகுதி எண் ஆகியவற்றைப் படிப்பது அநாகரிகம் ஆகாது. குப்பியைக் காட்ட மறுப்பவரிடம் கையைக் காட்ட வேண்டியதில்லை.

தூய்மையைப் பற்றி இனிக் கூறவேண்டும். நியூயார்க் நகரம் 1961-ஆம் ஆண்டில் பச்சை குத்துதலையே தடை செய்தது. மஞ்சட்காமாலை பரவுவதற்கு இதுவே வழி என்பது நகர சுகாதாரத் துறையின் வாதம். தடை நீங்கியது 1997-இல். அடுத்த ஆண்டே அந்நகரில் மாநாடு கூடிற்று. தடையின் நியாயம் பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோயின் வைரஸ் உலர்ந்த இரத்தத்தில், உடலுக்கு வெளியே, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடிருக்கும் என்பதில் ஐயமில்லை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி ஊசியில் மட்டுமா படும்? யந்திரத்தின் பிடியில், மின்கம்பியில், விளக்கைத் திருப்பும் இடத்தில், தண்ணீர்க் குப்பியின் கழுத்தில், எங்கும் படும். நிலையான கடையில் இவற்றைத் துடைக்கவும் கை கழுவவும் வசதி இருக்கும். மாநாட்டு மண்டபத்தில் கடைதோறும் குழாய் இராது. ஒரே மேசையில் காலை முதல் இரவு வரை நான்கைந்து பேர் வந்து போவர். எனவே அங்கே செல்பவர், தமக்கு முன் ஒருவருக்குக் குத்தி முடித்துக் கடையை எடுத்துவைக்கும் வரை நின்று பார்க்க வேண்டும். ஊசியை அதற்குரிய தனிப்பெட்டியில் போடுகிறாரா? கம்பியையும் பிடியையும் போர்த்திய பிளாஸ்டிக் உறையை உரித்தெறிகிறாரா? அதே கையுறையோடு செல்போனை எடுத்துப் பேசுகிறாரா? மீதி மையைச் சிறு கிண்ணத்தோடு குப்பையில் போடுகிறாரா, அல்லது சிக்கனம் கருதிக் குப்பிக்கே திருப்புகிறாரா? வரைந்த ஓவியத்தின் அழகைப் பார்ப்பதைவிட இந்தப் பத்து நிமிடக் காட்சியைப் பார்ப்பது மேல். நம் முறை வரும்போது ஊசி உறையை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, அதிலுள்ள காலாவதி நாளையும் பார்த்துவிடலாம். உலோகப் பகுதிகளை மீண்டும் பயன்படுத்துவாராயின் அவை ஆட்டோகிளேவில் 121 டிகிரி சென்டிகிரேடு நீராவி அழுத்தத்தில் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் அதற்கு ஈடாகா.

கலைஞர் எல்லாத் தூய்மையும் காத்தும் தீங்கு நேர்ந்த கதை ஒன்று உண்டு. 2011-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் நாட்பட்ட கொப்புளங்கள் தோன்றின. காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு நுண்ணுயிர் காரணம். குத்தியவர் மீது குற்றமில்லை. சாம்பல் நிற நிழல் இடுவதற்காகத் தொழிற்சாலையிலேயே நீர் கலந்து வந்த மையில் அது இருந்தது. கலந்தது வாலை வடிநீர்தான்! நம் ஆய்வுக்கூடத்தில் பழகிய நாம் இதை எளிதில் உணரலாம். வடிநீரில் உப்பு இராது. ஆனால் உப்பு இல்லாத நீர் எல்லாம் கிருமி இல்லாத நீர் ஆகாது. ஆகவே கறுப்பு மையோடு குழாய் நீரோ, கடையில் வாங்கிய வடிநீரோ கலந்து சாம்பல் ஆக்குபவரைக் கண்டால், கிருமி நீக்கிய நீர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி நம்மவர்க்கே உரிய இரு செய்திகள். முதலாவது நிறம். மாநாட்டில் தொங்கவிட்டிருக்கும் மாதிரிப் படங்களுட் பெரும்பாலானவை வெளிறிய தோலில் குத்தியவை. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் மேல்தோலில் உள்ளது. மையோ அதற்கும் கீழே. எனவே கருந்தோலர் பச்சையை மெலனின் என்னும் பழுப்புக் கண்ணாடி வழியே பார்க்கிறோம் எனலாம். மஞ்சளும் வெள்ளையும் வெளிர்நீலமும் அதனூடே மங்கிவிடும். கறுப்பும் அடர்சிவப்பும் நன்கு தெரியும். இது குறையன்று, ஒளியியல். நம் நிறமுடையவருக்குக் குத்தி, ஆறிய பின் எடுத்த படங்களைக் காட்டும்படி கலைஞரைக் கேட்க வேண்டும். 'ஆறிய பின்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்குக் குத்தியது மினுமினுப்பாகவே இருக்கும். பரிசு வாங்குவதும் அதுதான். மேலும், காயம் ஆறுகையில் தழும்பு தடித்து வளரும் இயல்பு கருந்தோலில் சற்று மிகுதி. அம்மை ஊசித் தழும்போ, காது குத்திய இடமோ, பருவோ தடித்து வளர்ந்த அனுபவம் தமக்கோ குடும்பத்தாருக்கோ உள்ளவர், தோல் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்குவது தகாது.

இரண்டாவது செய்தி எழுத்து. தமிழ்நாட்டை விட்டு வந்து படிப்போர்க்குத் தமிழில் குத்திக்கொள்ளும் ஆசை மிகுதி. தாயின் பெயரோ, ஊரின் பெயரோ முன்னங்கையில் இருந்தால் இந் நகரத்துப் பேருந்தில் தனிமை குறையும் போலும்! ஆனால் குத்துபவர்க்குத் தமிழ் தெரியாது. அவர்க்கு அது கோடும் சுழியும் புள்ளியுமே. சென்ற குளிர்காலத்தில் இங்கு நடந்த கூட்டத்துக்கு என் அறைத்தோழர் ஒருவருடன் சென்றிருந்தேன். அவர் 'செல்லம்மாள்' என்று தம் பாட்டியின் பெயரை எழுதச் சொன்னார். கலைஞர் தம் கணிப்பொறியில் அதனை ஒட்டி, அச்செடுத்து, ஸ்டென்சில் தாளாகக் கையில் பதித்தார். தோழர் பார்த்தார். தமிழ் எழுத்துக்களைக் கோக்கத் தெரியாத மென்பொருள், சகரத்தின் முன் நிற்க வேண்டிய கொம்பைப் பின்னே நிறுத்தியிருந்தது. மகரத்தின் புள்ளி ஒன்று மறைந்திருந்தது. கலைஞர் நல்லவர்; முகம் சுளிக்கவில்லை. தோழர் வெள்ளைத்தாளில் தம் கையாலேயே பெரிதாக எழுதித் தந்தார். அதனையே படியெடுத்துப் பதித்தனர். ஸ்டென்சில் ஸ்பிரிட்டால் அழிவது. ஊசி இறங்கிய பின் அழியாது. ஆகவே, தமிழில் குத்த விரும்புவோர் எழுத்தைத் தாமே எழுதிக் கொண்டுபோவதும், பதித்த பின் தமிழறிந்த இன்னொருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வதும் நலம்.

அளவையும் கவனிக்க வேண்டும். மை ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது பரவும் என்று கண்டோம். ண, ன, ணை போன்ற எழுத்துக்களின் சுழிகள் நெருங்கியவை. சிறிதாக எழுதினால் பத்தாண்டில் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோழரின் பாட்டி பெயரைக் கலைஞர் மோதிர விரல் அகலத்தில் எழுத எண்ணியிருந்தார். அதை இரு மடங்காக்கும்படி தோழர் கேட்டுக்கொண்டார். ரோமன் எழுத்துக்குப் போதிய அளவு தமிழெழுத்துக்குப் போதாது.

மாநாட்டில் குத்திக்கொள்வதற்கும் உள்ளூர்க் கடையில் குத்திக்கொள்வதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, என் கருத்தில், ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்குகிறது. வெளியூர்க் கலைஞர் அன்றிரவே தம் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். காயமோ ஆற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். கோடு விட்டுப்போனால் திருத்தவும், சிவந்து வீங்கினால் கேட்கவும் அவர் அருகில் இரார். டிசம்பர் மாநாடாயின் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் காலம் அது. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஒன்றரை நாள் பயணம். தூசி, கம்பளி, பெட்டிப் படி, கைபிடிக் கம்பி. புதுக்காயத்தோடு அந்தப் பயணம் வேண்டவே வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி இருக்கட்டும். சோப்பும் நல்ல நீரும் கொண்டு மெல்லக் கழுவி, ஒற்றி உலர்த்தி, கலைஞரோ மருத்துவரோ சொன்ன களிம்பை மெல்லியதாகத் தடவினாற் போதும். ஊர் சென்றதும் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட வீட்டில் முனைவர், அன்போடு மறுத்துவிடுங்கள். ஆறு, குளம், கடல் ஆகியவற்றில் காயம் ஆறும்வரை மூழ்கக் கூடாது. காய்ச்சல் கண்டாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். இணையத்தில் படம் காட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருத்தல் ஆகாது.

நம் மன்றத்தின் இரத்ததான முகாமில் பெயர் கொடுத்திருப்போர் அறிய ஒன்று: பச்சை குத்திய நாளிலிருந்து 12 மாதங்கள் இரத்தம் கொடுத்தல் ஆகாது என்பது நம் நாட்டு விதி. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சேர விரும்புவோர்க்கும் வரம்பு உண்டு. வணக்கம் செலுத்தும் வலக்கையில் பச்சை கூடாது. இட முன்னங்கையின் உட்புறத்தில், அவ்வுறுப்பின் கால்பங்குக்கு உட்பட்ட அளவில், பெயரோ சமயக்குறியோ இருக்கலாம் என்ற முறையில் அறிவிப்புகள் வெளிவருகின்றன. இராணுவத்திலும் இதனையொத்த விதிகள் உள. விண்ணப்பம் போட எண்ணுவோர் அறிவிப்பைப் படித்த பின் மாநாட்டுச் சீட்டு வாங்குக.

குத்தியதை நீக்க முடியாதா என்று கேட்பவர் பலர். முடியும், எளிதன்று. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இதற்கான தத்துவத்தை விளக்கினர். மைத்துகள் விழுங்கும் நிறமுடைய லேசர் ஒளியை, விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே, மிக்க வலிவோடு பாய்ச்சினால், வெப்பம் சுற்றுத் தசைக்குப் பரவுமுன் துகள் மட்டும் சூடேறி உடைந்துவிடும். உடைந்த நுண்துகள்களை நிணநீர் அடித்துக்கொண்டு போகும். எஞ்சியவற்றை விழுங்கணுக்கள் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஆகவேதான் பல வார இடைவெளியில் பலமுறை சிகிச்சை செய்ய நேர்கிறது. கருந்தோலில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மெலனினும் ஒளியை விழுங்குமாதலால், தவறான லேசர் பச்சையை விட்டுத் தோலைச் சுட்டுவிடும். நிறமிழந்த வெள்ளைத் திட்டு மிஞ்சும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரை மெலனின் குறைவாகவே விழுங்கும். நம் தோலுக்கு ஏற்றது அதுவே. அந்த லேசருக்கு மஞ்சளும் பச்சையுமான புதிய மைகள் எளிதில் அசைவதில்லை. நன்றாக உடைந்து நீங்குவது கரி; திண்ணையில் பாட்டி கையில் குத்திய அதே கரி.